தெரிந்தே: போஸ்ட்வில் இறைச்சி ஆலை ரெய்டு, ஒரு நிகழ்வு ஆய்வு

2008 மே 12, திங்கட்கிழமை. காலை பத்து மணி வாக்கில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உள்ள போஸ்ட்வில் என்ற சின்ன ஊருக்கு மேலே ஹெலிகாப்டர்கள் வட்டமிட்டன. ஊரின் மொத்த மக்கள்தொகையே 2,300 பக்கம்தான். அங்கே வந்திறங்கிய அதிகாரிகள் சுமார் 900 பேர். குடியேற்ற அமலாக்கத் துறை நடத்திய இந்த ரெய்டின் இலக்கு அக்ரிபிராசசர்ஸ் என்ற இறைச்சி ஆலை. அன்று 389 தொழிலாளர்கள் கைதானார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் குவாத்தமாலாக்காரர்கள். மீதியில் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள்.

அமெரிக்காவில் குடியேற்றம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு தரப்பு எல்லைச் சுவரைப் பற்றிப் பேசுகிறது, இன்னொரு தரப்பு இந்த ஆட்கள் இல்லாவிட்டால் வேலையை யார் செய்வது என்று கேட்கிறது. இரண்டு பேச்சிலும் கூலி கொடுப்பவர் கண்ணிலேயே படுவதில்லை. போஸ்ட்வில் வழக்கை நான் எடுத்துக்கொண்ட காரணம் இதுதான். எல்லை, கூலி, காவல், நீதிமன்றம், முதலாளி என்று எல்லாம் இங்கே ஒரே ஊருக்குள் வந்து சேர்ந்தன. வழக்கு முழுக்க ஒரே ஒரு சட்டச் சொல்லைச் சுற்றிச் சுழன்றது: 'தெரிந்தே'. யார் எதைத் தெரிந்தே செய்தார்கள் என்ற கேள்விக்கு முதலாளியிடம் ஒரு அளவுகோலும் தொழிலாளியிடம் இன்னொரு அளவுகோலும் வைத்தார்கள்.

ஆலை வந்த கதை

போஸ்ட்வில்லில் ஹைகிரேடு என்ற நிறுவனத்தின் இறைச்சி ஆலை ஒன்று மூடிக்கிடந்தது. 1987இல் நியூயார்க் புரூக்ளினைச் சேர்ந்த இறைச்சி வியாபாரி ஆரோன் ரூபாஷ்கின் அதை வாங்கினார். யூத மத விதிப்படி அறுக்கப்படும் கோஷர் இறைச்சியை அங்கே தயாரிக்க ஆரம்பித்தார்கள். சில ஆண்டுகளில் அது நாட்டின் மிகப் பெரிய கோஷர் இறைச்சி ஆலையாக வளர்ந்தது. சோள வயல்களுக்கு நடுவே இருந்த ஊருக்கு யூதக் குடும்பங்கள் வந்தன. வேலைக்கு முதலில் கிழக்கு ஐரோப்பியர்கள் வந்தார்கள். அப்புறம் மெக்சிகோக்காரர்கள், அதற்கும் பிறகு குவாத்தமாலாவின் மலைக் கிராமத்து மாயா மக்கள். அவர்களில் பலருக்குத் தாய்மொழி கச்சிகெல், ஸ்பானிஷ் இரண்டாம் மொழிதான்.

வெளிநாட்டுக்காரர்கள் வந்ததால்தான் இறைச்சித் தொழிலில் கூலி விழுந்தது என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் நடந்த வரிசை அப்படி இல்லை. 1960களிலும் 70களிலும் அமெரிக்க இறைச்சி ஆலைத் தொழிலாளியின் கூலி சராசரி ஆலைக் கூலியைவிட அதிகம். வலுவான சங்கங்கள் இருந்தன. பிறகு ஐபிபி போன்ற நிறுவனங்கள் ஆலைகளை நகரங்களிலிருந்து சங்கம் இல்லாத சிற்றூர்களுக்குக் கொண்டுபோயின. திறமையான கசாப்புக்காரர் செய்த வேலையை, ஒரே வெட்டை நாள் முழுக்கத் திரும்பத் திரும்பப் போடும் வேலையாக உடைத்தன. மற்ற நிறுவனங்களும் கூலியைக் குறைக்க வேண்டிய நெருக்கடி வந்தது. பக்கத்து மின்னசோட்டாவின் ஆஸ்டின் நகரில் ஹார்மெல் நிறுவனம் 1984இல் மணிக்கூலியை 10.69 டாலரிலிருந்து 8.25 டாலராக வெட்டியது. தொழிலாளர்கள் 1985 ஆகஸ்டில் வேலைநிறுத்தத்தில் இறங்கித் தோற்றார்கள். அந்தத் தொழிலாளர்கள் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். கூலி முதலில் விழுந்தது. அந்தக் கூலிக்கு நிற்கக்கூடிய ஆட்களைத் தேடியது அதற்குப் பிறகு.

போஸ்ட்வில் ரெய்டுக்காக அரசு நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தில், அக்ரிபிராசசர்ஸில் காகிதம் (வேலை செய்ய அனுமதி தரும் ஆவணம்) இல்லாத சிலருக்கு முதல் சில மாதங்கள் மணிக்கு 5 டாலரும் பிறகு 6 டாலரும் கொடுக்கப்பட்டதாக ஒரு தகவலாளி சொன்னது பதிவாகியிருக்கிறது. ஹார்மெல் தொழிலாளிகள் போதாது என்று தெருவில் இறங்கிய 8.25 டாலரையும், அதற்கு இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்துக் கொடுக்கப்பட்ட இந்த 5 டாலரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விலைவாசி ஏற்றத்தைக் கணக்கில் சேர்க்காமலே இவ்வளவு வித்தியாசம்.

சட்டம் விட்டுவைத்த வாசல்

1952ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம், அனுமதியின்றி நாட்டுக்குள் இருப்பவருக்கு அடைக்கலம் தருவதைக் குற்றம் என்றது. ஆனால் அப்படிப்பட்டவருக்கு வேலை தருவது அடைக்கலம் ஆகாது என்று அதே சட்டத்தில் ஒரு விதிவிலக்கும் இருந்தது. டெக்சாஸ் பண்ணை முதலாளிகளுக்காகச் சேர்க்கப்பட்டதால் அதற்கு 'டெக்சாஸ் விதிவிலக்கு' என்றே பெயர். ஒருவருக்குப் படுக்க இடம் கொடுத்தால் குற்றம், அவரிடம் வேலை வாங்கினால் குற்றமில்லை. 34 ஆண்டுகள் இப்படித்தான் ஓடியது.

1986 நவம்பரில் ரீகன் கையெழுத்திட்ட சட்டம் இதை மாற்றியது. ஏற்கெனவே நாட்டில் இருந்தவர்களில் சுமார் 27 லட்சம் பேருக்கு அதன் மூலம் சட்டபூர்வ நிலை கிடைத்தது. அதற்கு ஈடாக, அனுமதி இல்லாதவரைத் தெரிந்தே வேலைக்கு வைத்தால் முதலாளிக்குத் தண்டனை என்றானது. அந்த 'தெரிந்தே'யை நிரூபிப்பது சுலபமில்லை. புதிதாகச் சேருபவர், வேலை செய்யும் அனுமதியைச் சரிபார்க்கும் ஐ-9 படிவத்தோடு ஏதாவது ஆவணத்தைக் காட்ட வேண்டும். அது பார்வைக்கு உண்மையானது போல இருந்தால் போதும், முதலாளியின் கடமை முடிந்தது. அதற்கு மேல் துருவிக் கேட்டால் பாரபட்சம் காட்டியதாக வழக்கு வரலாம். பாம்பும் சாகக் கூடாது, கம்பும் முறியக் கூடாது என்று எழுதிய சட்டம் அது. அதன் நேரடி விளைவாகப் போலி ஆவணச் சந்தை ஒன்று உருவானது.

அக்ரிபிராசசர்ஸில் இது எப்படி ஓடியது? அரசின் பிரமாணப் பத்திரப்படி, 2007இன் கடைசிக் காலாண்டில் சம்பளப் பட்டியலில் இருந்த 968 பேரில் ஏறக்குறைய 76 சதவீதத்தினரின் சோஷியல் செக்யூரிட்டி எண்கள் (சம்பளத்தையும் வரியையும் பதிய ஒவ்வொருவருக்கும் அரசு தரும் எண்) போலியானவை அல்லது சந்தேகத்துக்குரியவை. எண்ணும் பெயரும் பொருந்தவில்லை என்று அரசிடமிருந்து பல ஆண்டுகளாகக் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. நான்கில் மூன்று பேருடைய எண் சரியில்லாத ஆலையில் நிர்வாகத்துக்கு எதுவும் தெரியாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

தெரியும் என்பதற்கு அந்த நிறுவனமே நீதிமன்றத்தில் சாட்சி தந்தது. இந்த வழக்கில் நான் மிக முக்கியமாக நினைக்கும் பகுதி இதுதான். புரூக்ளினில் இருந்த அக்ரிபிராசசர்ஸ் கிடங்குத் தொழிலாளர்கள் 2005 செப்டம்பரில் சங்கம் அமைக்க வாக்களித்தார்கள். சங்கத்தோடு பேச நிறுவனம் மறுத்தது. வாக்களித்தவர்களின் எண்களை அரசுத் தகவல் தொகுப்போடு ஒப்பிட்டுப் பார்த்தது. பெரும்பாலானவை பொருந்தவில்லை. ஆகவே இவர்கள் சட்டப்படி 'ஊழியர்களே' அல்ல, சங்கம் அமைக்கும் உரிமையும் இவர்களுக்குக் கிடையாது என்று வாதாடியது. ஆக, எண்ணைச் சரிபார்க்க வழி இருந்திருக்கிறது. வேலைக்குச் சேர்த்தபோது அதைச் செய்யவில்லை, சங்கத்துக்கு வாக்களித்த பிறகு செய்தார்கள். வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008 ஜனவரியில் இந்த வாதத்தை நிராகரித்தது. அந்தத் தீர்ப்பில் மாறுபட்டு நிறுவனத்தின் பக்கம் நின்ற நீதிபதி பிரெட் கவனா, பின்னாளில் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்.

நிறுவனம் அந்த வாதத்தை வெறும் கையோடு வைக்கவில்லை. 2002இல் ஹாஃப்மன் பிளாஸ்டிக் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் தந்த தீர்ப்பு அதற்கு ஊன்றுகோல். சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரைச் சட்டவிரோதமாக வேலையிலிருந்து நீக்கியிருந்தாலும், அவரிடம் வேலை செய்யும் அனுமதி இல்லையென்றால் இழந்த சம்பளத்தைக் கேட்க முடியாது என்றது அந்தத் தீர்ப்பு. முதலாளியின் கணக்கில் இதற்கு என்ன அர்த்தம்? குடிமகனை இப்படி நீக்கினால் பணம் கட்ட வேண்டும். காகிதம் இல்லாதவரை நீக்கினால் கட்ட வேண்டியதில்லை. காகிதம் இல்லாதவர் மலிவாகக் கிடைப்பது அவர் ஏழை நாட்டிலிருந்து வந்ததால் மட்டும் அல்ல. அவர் வாய் திறந்தால் இழப்பது முழுக்க அவருடையது என்று சட்டம் ஆக்கிவைத்திருப்பதாலும்தான்.

மாட்டுச் சந்தை மைதானத்தில் நீதிமன்றம்

கைதானவர்களை வாட்டர்லூ நகரத்தில் கால்நடைக் கண்காட்சிகள் நடக்கும் மைதானத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்த நடன அரங்கம் தற்காலிக நீதிமன்றம் ஆனது. கைவிலங்கும் கால்சங்கிலியும் பூட்டி, பத்துப் பத்துப் பேராக வரிசையில் நிறுத்தினார்கள். ஒவ்வொரு வழக்கறிஞருக்கும் ஒரு டஜனுக்கும் மேற்பட்ட கட்சிக்காரர்கள்.

வழக்கமாக இப்படிப் பிடிபடுபவர்களை நாடுகடத்துவார்கள், அவ்வளவுதான். இங்கே சுமார் 300 பேர் மீது குற்ற வழக்கே போட்டார்கள். அரசு வைத்த பேரம் இது. போலி எண்ணைப் பயன்படுத்தியதாக ஒப்புக்கொண்டால் ஐந்து மாதச் சிறை, பிறகு மறுபேச்சின்றி நாடுகடத்தல். ஒப்புக்கொள்ளாவிட்டால் இன்னொருவரின் அடையாளத்தைத் திருடிய குற்றச்சாட்டு வரும், அதில் குறைந்தபட்சமே இரண்டு ஆண்டு. முடிவெடுக்க ஏழு நாள். பிணை கிடைக்காது. வழக்காடி ஜெயித்தாலும் அதற்குள் ஐந்து மாதத்துக்கு மேல் உள்ளேயே கழிந்துவிடும், அப்புறமும் நாடுகடத்தல்தான். ஊரில் பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டிய ஒருவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? ஏறக்குறைய எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். 270 பேருக்கு ஐந்து மாதச் சிறை. இத்தனையும் இரண்டே வாரத்துக்குள் முடிந்தது.

அங்கே மொழிபெயர்ப்பாளராக வேலை செய்த பேராசிரியர் எரிக் கமாயித்-ஃபிரேஷாஸ், தான் பார்த்ததை வெளியே எழுதினார், அந்த ஜூலையில் நாடாளுமன்றக் குழு முன்பும் சாட்சி சொன்னார். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்கள் பொதுவாக வாய் திறப்பதில்லை. அவர் திறந்ததால்தான் உள்ளே நடந்தது வெளியே தெரிந்தது. சோஷியல் செக்யூரிட்டி எண் என்றால் என்ன, எதற்குப் பயன்படுகிறது என்பதே பலருக்குத் தெரியவில்லை என்றார் அவர். வேலைக்குச் சேர ஒரு அட்டை வேண்டும் என்றார்கள், காசு கொடுத்து வாங்கினார்கள். அதில் இருந்த எண் வேறொரு மனிதருடையதா, யாருக்கும் சொந்தமில்லாத எண்ணா என்று அவர்கள் அறிய வழியில்லை.

இங்கேதான் அந்தச் சொல் திரும்பி வருகிறது. அடையாளத் திருட்டுச் சட்டத்திலும் 'தெரிந்தே' என்று இருக்கிறது. அந்த எண் இன்னொரு ஆளுடையது என்று குற்றவாளிக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, எண்ணைப் பயன்படுத்தியதே போதும் என்பது அரசின் நிலைப்பாடு. முதலாளிக்கு வந்தபோது மலையளவு ஆதாரம் கேட்ட சொல், தொழிலாளிக்கு வந்தபோது காற்றில் கரைந்துவிட்டது. 2009 மே 4 அன்று, இல்லினாய் மாநிலத்து எஃகு ஆலைத் தொழிலாளி ஒருவரின் வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அரசின் வாதத்தைத் தள்ளினார்கள். எண் வேறொருவருடையது என்று தெரிந்திருந்தால்தான் அது அடையாளத் திருட்டு என்றார்கள். போஸ்ட்வில்காரர்களை மிரட்ட வைத்திருந்த ஆயுதம் சட்டப்படி செல்லாதது என்று தெரிந்தபோது, அவர்கள் ஐந்து மாதச் சிறையை முடித்துவிட்டு ஊர் திரும்பியிருந்தார்கள்.

அமலாக்கத்தின் பக்க நியாயம்

ரெய்டை ஆதரித்தவர்களை வெறுப்பாளர்கள் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. போலி எண்களில் சில உண்மையான மனிதர்களுடையவை. எங்கோ முகம் தெரியாத ஒருவர் சம்பாதித்த பணம் தன் கணக்கில் ஏறி, வரித்துறைக்குப் பதில் சொல்லி அலைவது நிஜமான துன்பம். 5 டாலருக்கு ஆள் கிடைக்கும் வரை எந்த முதலாளியும் 10 டாலர் தர மாட்டார் என்பதிலும் உண்மை இருக்கிறது. டெக்சாஸைச் சேர்ந்த கறுப்பினத் தலைவர் பார்பரா ஜோர்டன் 1990களில் குடியேற்றச் சீர்திருத்த ஆணையத்துக்குத் தலைமை தாங்கியபோது, வேலைதான் காந்தம், ஆகவே வேலையிடத்தில் நம்பகமான சரிபார்ப்பு வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். அந்த நியாயம் எனக்குப் புரிகிறது.

போஸ்ட்வில்லில் நடந்தது அந்த நியாயத்துக்கு உதவவில்லை என்பதுதான் என் வாதம். ரெய்டுக்கு முன்பே ஆலையில் சிறுவர்கள் வேலை செய்வது பற்றி அயோவா தொழிலாளர் துறை விசாரித்துக்கொண்டிருந்தது. ரெய்டு நடந்தால் அந்த விசாரணை கெடும் என்று உணவுத் தொழிலாளர் சங்கம் மே மாதத் தொடக்கத்திலேயே குடியேற்றத் துறைக்கு எழுதியது. அப்படியும் ரெய்டு நடந்தது. சாட்சி சொல்ல வேண்டியவர்கள் சிறைக்கும் அங்கிருந்து குவாத்தமாலாவுக்கும் போனார்கள். 57 சிறார் விவகாரங்களை மாநில அரசு கண்டறிந்தது. செப்டம்பரில் நிறுவனத்தின் மீதும் நிர்வாகிகள் மீதும் 9,311 குற்றச்சாட்டுகள் பதிவாயின. விசாரணைக்கு வந்தபோது மிஞ்சியவை 67. அந்த 67இலிருந்தும் ஆலையை நடத்திய, ஆரோனின் மகன் ஷோலம் ரூபாஷ்கின் 2010 ஜூனில் விடுவிக்கப்பட்டார்.

அவருக்குத் தண்டனை கிடைத்தது வேறு வழக்கில். வங்கியை ஏமாற்றியது தொடர்பான 86 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று 2009 நவம்பரில் தீர்ப்பானது. 27 ஆண்டுச் சிறை. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு அவர் மீதிருந்த 72 குடியேற்றக் குற்றச்சாட்டுகளை அரசே கைவிட்டது. ஆகவே முதலாளி தெரிந்தே ஆள் வைத்தாரா என்ற கேள்வி தனிக் குற்றச்சாட்டாக எந்த ஜூரி முன்பும் வரவில்லை. கீழ்மட்ட சூப்பர்வைசர்கள் சிலர்தான் அந்தக் குற்றத்துக்காகச் சிறை போனார்கள். 27 ஆண்டு மிக அதிகம் என்று இரு கட்சிகளிலும் பலர் குரல் கொடுத்தார்கள், நானும் அதை அதிகம் என்றே நினைக்கிறேன். 2017 டிசம்பரில் ஜனாதிபதி ட்ரம்ப் அந்தத் தண்டனையைக் குறைத்தார். எட்டு ஆண்டு சிறையில் இருந்த ரூபாஷ்கின் வீடு திரும்பினார்.

ஊருக்கு என்ன ஆனது

ரெய்டு நடந்த அன்றே நூற்றுக்கணக்கானவர்கள் புனித பிரிஜித் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்தார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள விடுவிக்கப்பட்ட தாய்மார்களின் கணுக்காலில் கண்காணிப்புக் கருவி மாட்டப்பட்டது. அவர்கள் வேலை செய்யவும் கூடாது, ஊரை விட்டுப் போகவும் கூடாது. பல மாதங்கள் அவர்களுக்குச் சோறு போட்டது தேவாலயம்தான். பின்னர் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அயோவாவின் பிறப்புப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். ரெய்டுக்குப் பிந்தைய மாதங்களில் லத்தீன் அமெரிக்க வம்சாவளித் தாய்மார்களுக்குப் பிறந்த குழந்தைகள் எடை குறைவாகப் பிறக்கும் வாய்ப்பு, முந்தைய ஆண்டைவிட 24 சதவீதம் அதிகமாக இருந்தது. அவர்களில் அமெரிக்காவிலேயே பிறந்த தாய்மார்களிடமும் இந்த உயர்வு தெரிந்தது. மாநிலம் முழுக்கப் பரவிய பயம் கருப்பைக்குள்ளும் போயிருக்கிறது.

காலியான இடங்களுக்குக் காகிதம் உள்ளவர்கள் வந்தார்களா? வந்தார்கள். டெக்சாஸிலிருந்து வீடற்றோரைத் திரட்டிக் கொண்டுவந்தார்கள். மின்னசோட்டாவிலிருந்து சோமாலிய அகதிகள் வந்தார்கள். பசிபிக் தீவு நாடான பலாவுக்கு அமெரிக்காவோடு உள்ள ஒப்பந்தப்படி அந்நாட்டுக் குடிமக்கள் விசா இல்லாமலே இங்கு வேலை செய்யலாம் என்பதால், அங்கிருந்தும் ஆட்களைக் கூட்டிவந்தார்கள். பலர் நெடுநாள் தங்கவில்லை. பிடிக்காவிட்டால் வேலையை விட்டுப் போகலாம் என்ற சுதந்திரம் அவர்களுக்கு இருந்தது. 2008 நவம்பரில் நிறுவனம் திவாலானது. அடுத்த ஆண்டு ஒரு கனடா தொழிலதிபர் ஆலையை வாங்கி அக்ரி ஸ்டார் என்று பெயர் மாற்றினார். ரெய்டுக்கு அரசு செலவழித்தது 50 லட்சம் டாலருக்கு மேல்.

'வரிசையில் நின்று முறையாக வந்திருக்கலாமே' என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். இரண்டு ஆண்டுப் பயிற்சிகூடத் தேவைப்படாத வேலைகளுக்காக அமெரிக்கா அந்தக் காலத்தில் ஆண்டுக்குத் தந்த கிரீன் கார்டு, உலகம் முழுவதற்கும் சேர்த்து, குடும்பத்தினரையும் சேர்த்து, ஏறக்குறைய 5,000. தற்காலிக விசாக்களில் எச்-2ஏ பண்ணை வேலைக்கு, எச்-2பி பருவகால வேலைக்கு. இறைச்சி ஆலை ஆண்டு முழுக்க ஓடுவது, இரண்டிலும் சேராது. நிற்பதற்கு வரிசையே இல்லை.

எல்லையை இறுக்கினால் தீருமா? 1993இல் எல் பாசோவிலும் 1994இல் சான் டியாகோவிலும் பெரிய அளவில் இறுக்கினார்கள். 1990களின் தொடக்கத்தில் 4,000 பக்கம் இருந்த எல்லைக் காவலர்கள் 2010 வாக்கில் 20,000ஐத் தாண்டினார்கள். அதே காலத்தில் அனுமதியின்றி வசிப்போர் 35 லட்சத்திலிருந்து 1.2 கோடியாகப் பெருகினார்கள். சமூகவியலாளர் டக்ளஸ் மாஸி இதற்குச் சொல்லும் விளக்கம் எனக்குச் சரியாகப் படுகிறது. முன்பெல்லாம் ஆண்கள் சில மாதம் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பினார்கள். கடப்பது ஆபத்தாகவும் செலவாகவும் ஆனபின், ஒருமுறை வந்தவர் திரும்பிப் போகத் துணியவில்லை, குடும்பத்தையும் வரவழைத்துக்கொண்டார்.

வேலையிடச் சரிபார்ப்புக்கு இ-வெரிஃபை என்ற மின்னணு முறை வந்துவிட்டது. 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் ஏழு கோழி ஆலைகளில் 680 பேர் கைதான மிசிசிப்பியில் அது சட்டப்படி கட்டாயம். 2025 ஜூன் 10 அன்று நெப்ராஸ்காவின் ஒமாஹாவில் கிளென் வேலி ஃபுட்ஸ் ஆலையில் 70க்கும் மேற்பட்டவர்கள் பிடிபட்டார்கள். அதன் உரிமையாளர் எல்லோரையும் இ-வெரிஃபை வழியாகவே சேர்த்ததாகச் சொன்னார். இல்லாத எண்ணை அந்த முறை பிடித்துவிடும். உண்மையான ஒருவரின் பெயரையும் எண்ணையும் சேர்த்துக் கொடுத்தால் ஏமாந்துவிடும். இரண்டு நாள் கழித்து, பண்ணைகளும் ஓட்டல்களும் நல்ல பழைய வேலையாட்களை இழக்கின்றன என்று ட்ரம்பே எழுதினார். அத்தகைய இடங்களில் ரெய்டை நிறுத்தச் சொன்னார்கள். சில நாளிலேயே அந்த உத்தரவையும் மாற்றிவிட்டார்கள்.

போஸ்ட்வில்லில் பிடிபட்டவர்களில் பலர் குவாத்தமாலாவின் சிமால்தெனாங்கோ பகுதியில் சான் ஹோசே கால்தெராஸ் என்ற மலைக் கிராமத்தையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்தவர்கள். வடக்கே போக அவர்கள் வீட்டையும் நிலத்தையும் அடமானம் வைத்து வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தார்கள். ஐந்து மாதம் சிறையில் இருந்தபோதும் வட்டி ஏறிக்கொண்டிருந்தது. விமானத்தில் கொண்டுவந்து இறக்கிவிடப்பட்டவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, கிராமத்தில் ஒரு நாள் வயல் கூலி போஸ்ட்வில்லின் ஒரு மணி நேரக் கூலிக்குச் சமமாகத்தான் இருந்தது.